இளநிலை உளவியல் படிப்பின் நோக்கம்: அமெரிக்கப் பாடத்திட்ட விவாதங்களின் வரலாறு

உளவியலில் இளநிலைப் பட்டம் பெறும் ஒருவர் அப்படிப்பிலிருந்து எதைக் கற்றுக்கொண்டு வெளியே வர வேண்டும் என்ற கேள்வி, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிகளில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. 1910ஆம் ஆண்டில் ஒரு குழு இதைப் பற்றி அறிக்கை அளித்தது. 1951, 1960, 1991 ஆகிய ஆண்டுகளில் உளவியல் பேராசிரியர்கள் இதற்காகவே கூடிப் பேசினர். 2006 முதல் அமெரிக்க உளவியல் சங்கம் கற்றல் இலக்குகளை வகுத்து, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை திருத்தி வெளியிட்டு வருகிறது.

இவ்விவாதம் பேராசிரியர்களுக்கு மட்டும் உரியது அன்று. அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உளவியலில் இளநிலைப் பட்டம் பெறுகின்றனர். அவர்களுள் சிறு பகுதியினரே உளவியலாளர் ஆகின்றனர். அங்குப் பெரும்பாலான மாநிலங்களில் உளவியலாளர் என்று உரிமம் பெற முனைவர் நிலைப் பட்டம் தேவை. மற்றவர்கள் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் வணிகத்திலும் சமூகப் பணியிலும் சேர்கின்றனர். அப்படியானால் அவர்கள் படித்த நான்கு ஆண்டுப் படிப்பு அவர்களுக்கு என்ன தந்தது என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வியாகும்.

தத்துவத்திலிருந்து பிரிந்த பாடம்

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கக் கல்லூரிகளில் உளவியல் தனிப்பாடமாக இருக்கவில்லை. மனத் தத்துவம், ஒழுக்கத் தத்துவம் ஆகிய பெயர்களில் இறுதியாண்டு மாணவர்களுக்கு அது கற்பிக்கப்பட்டது. கற்பித்தவர் பெரும்பாலும் கல்லூரித் தலைவர். அவர் பல இடங்களில் சமய குருவாகவும் இருந்தார். மாணவரின் ஒழுக்கத்தைச் சீர்ப்படுத்துவது அப்பாடத்தின் நோக்கமாக இருந்தது. மனம் எவ்வாறு இயங்குகிறது என்று சோதித்துப் பார்ப்பது அதில் இடம்பெறவில்லை.

1875இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஜேம்ஸ் உடலியங்கியலுக்கும் உளவியலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பாடம் நடத்தத் தொடங்கினார். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென ஆய்வுக்கூடம் அமைத்தார். அங்குப் பயின்று திரும்பிய அமெரிக்கர்கள் தத்தம் கல்லூரிகளில் ஆய்வுக்கூடங்களை நிறுவினர். 1883இல் ஜி. ஸ்டான்லி ஹால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் தொடங்கினார். 1892இல் அமெரிக்க உளவியல் சங்கம் அமைந்தபோது அவரே அதன் முதல் தலைவரானார்.

ஜேம்ஸ் 1890இல் எழுதிய உளவியல் கோட்பாடுகள் பற்றிய பெருநூல் இரண்டு தொகுதிகளாக வந்தது. வகுப்பறைக்கு அது மிகப் பெரிது என்பதால் 1892இல் சுருக்கப் பதிப்பு ஒன்றை வெளியிட்டார். மாணவர்கள் பெரிய நூலை 'ஜேம்ஸ்' என்றும் சிறிய நூலை 'ஜிம்மி' என்றும் அழைத்தனர்.

இளநிலை மாணவர்களுக்கு ஆய்வுக்கூடப் பயிற்சி தேவையா என்ற வினாவுக்குச் செயலில் விடை சொன்னவர் மேரி விட்டன் கால்கின்ஸ். 1891இல் வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியில் இவர் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அங்கு மாணவிகள் ஆட்டு மூளையை அறுத்துப் பார்த்தனர். புலனுணர்வு பற்றிய சோதனைகளைத் தாங்களே செய்தனர். கால்கின்ஸ் ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்குரிய தேர்வில் 1895இல் வெற்றி பெற்றார். ஆனால் பெண் என்ற காரணத்தால் பல்கலைக்கழகம் பட்டம் வழங்க மறுத்தது. அதே கால்கின்ஸ் 1905இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார்.

1910ஆம் ஆண்டு அறிக்கை

உளவியல் கற்பித்தல் பற்றி அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 1910இல் தன் அறிக்கையை வெளியிட்டது. கார்ல் சீஷோர், கால்கின்ஸ், எட்மண்ட் சான்ஃபோர்டு, கை விப்பிள் ஆகியோர் இதில் பங்கேற்றனர். ஆய்வுக்கூடம் உள்ள கல்லூரிகள், இல்லாத கல்லூரிகள், ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள் என்று பிரித்து இவர்கள் நிலைமையை ஆராய்ந்தனர்.

உளவியலை உளவியலாகவே கற்பிக்க வேண்டும், தத்துவத்தின் வாயிலாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது இவ்வறிக்கையின் கருத்து. மாணவர் கேட்பவராகவும் படிப்பவராகவும் மட்டும் இருந்தால் போதாது. தானே செய்து பார்ப்பவராக இருக்க வேண்டும் என்று சீஷோர் வலியுறுத்தினார். பின்னர் நடந்த கூட்டங்கள் அனைத்திலும் இக்கருத்து ஏதேனும் ஒரு வடிவில் திரும்ப வந்தது.

அளவைச் சோதனைகள் தந்த பாடம்

உளவியலை அரைகுறையாக அறிந்தால் என்ன நேரும் என்பதை முதல் உலகப் போர்க்காலம் காட்டியது. 1917இல் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் உளவியலாளர்கள் படைவீரர்களுக்கு நுண்ணறிவுச் சோதனைகளை உருவாக்கினர். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்ஃபா, தெரியாதவர்களுக்கும் ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் பீட்டா என இரு வடிவங்கள் இருந்தன. ஏறத்தாழ 17 லட்சம் பேர் சோதிக்கப்பட்டனர்.

ஆல்ஃபா சோதனையில் அமெரிக்கக் கடைகளில் விற்ற ஒரு சமையல் கொழுப்பின் வணிகப் பெயரைச் சொல்லி அது என்ன பொருள் என்று ஒரு வினா கேட்டது. ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லி அவர் எதற்குப் புகழ்பெற்றவர் என்று மற்றொரு வினா கேட்டது. அண்மையில் கப்பலில் வந்திறங்கிய ஒருவருக்கு இவை தெரிய வாய்ப்பில்லை. அவர் குறைந்த மதிப்பெண் பெற்றார். அம்மதிப்பெண் அவருடைய பிறவி நுண்ணறிவு என்று எழுதப்பட்டது. 1923இல் கார்ல் பிரிகாம் இத்தரவுகளைக் கொண்டு தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் நுண்ணறிவில் தாழ்ந்தவர்கள் என்று நூல் எழுதினார். 1930இல் அம்முடிவுகள் அடிப்படையற்றவை என்று அவரே கைவிட்டார். ஆனால் அதற்கு முன்பே, 1924இல், அப்பகுதிகளிலிருந்து வருவோரைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அச்சட்டத்துக்குப் பல காரணங்கள் இருந்தன. குடியேறியோரின் தரம் குறைவு என்ற பேச்சுக்கு இச்சோதனைகள் அறிவியல் தோற்றம் தந்தன.

இச்சோதனைகளின் குறையை 1922இலேயே பொதுமக்களுக்கு எடுத்துச் சொன்னவர் வால்டர் லிப்மன் என்ற பத்திரிகையாளர். அமெரிக்க வளர்ந்தோரின் சராசரி மன வயது ஏறத்தாழ 13 அல்லது 14 என்று அப்போது பரப்பப்பட்டது. வளர்ந்தோரின் சராசரி நுண்ணறிவு, வளர்ந்தோரின் சராசரி நுண்ணறிவைவிடக் குறைவாக இருக்க முடியாது என்பது லிப்மனின் எளிய மறுப்பு. அளவுகோல் எந்தக் கூட்டத்தை வைத்துச் செய்யப்பட்டது என்று கேட்க அவருக்கு உளவியல் பட்டம் தேவைப்படவில்லை. அக்கேள்வியைக் கேட்கும் பழக்கத்தைப் பட்டம் பெறுவோர் அனைவருக்கும் உண்டாக்க வேண்டும் என்பதே பிற்காலப் பாடத்திட்டங்களின் முதன்மை நோக்கமாயிற்று.

கார்னெல் கூட்டம், 1951

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கல்லூரிகளில் மாணவர் எண்ணிக்கை பெருகியது. உளவியல் துறைகள் ஒவ்வொன்றும் தத்தம் விருப்பப்படி பாடங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தன. 1951ஆம் ஆண்டு கோடையில் டேல் வுல்ஃபிள் தலைமையில் ஆறு உளவியலாளர்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கூடி, இளநிலைப் படிப்பு எப்படி அமைய வேண்டும் என்று ஆராய்ந்தனர். வில்பர்ட் மெக்கீச்சி, ராபர்ட் மக்லியோட், கிளாட் பக்ஸ்டன் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். அறிக்கை 1952இல் வெளிவந்தது.

அறிவு வளர்ச்சியும் பரந்த கல்வியும், உளவியலின் கண்டுபிடிப்புகளைப் பற்றிய அறிவு, தனிமனித வளர்ச்சி, நல்ல சிந்தனைப் பழக்கங்களும் மனப்பான்மைகளும் என்று நான்கு நோக்கங்களை அக்குழு ஆராய்ந்தது. முதலில் ஓர் அறிமுகப் பாடம். பிறகு புள்ளியியல், ஊக்கம், புலனறிவு, சிந்தனையும் மொழியும், திறன் ஆகிய அடிப்படைப் பாடங்கள். அவற்றுக்குப் பின் சிறப்புப் பாடங்கள். இறுதியில் அனைத்தையும் இணைத்துக் காட்டும் பாடம் என்று ஒரு வரிசையைப் பரிந்துரைத்தது.

உளவியல் ஓர் அறிவியல். எனவே அதற்கு அறிவியல் பாடங்களுக்குரிய படிமுறை வேண்டும் என்பது இதன் உட்கருத்து. கணிதத்தில் கூட்டல் தெரியாமல் இயற்கணிதம் கற்க முடியாது. ஆனால் பல கல்லூரிகளில் புள்ளியியல் அறியாத மாணவர் பிறழ்நிலை உளவியலையும் ஆளுமை உளவியலையும் விருப்பம்போல் படித்து முடித்தார். இந்நிலையை மாற்றுவதே கார்னெல் குழுவின் நோக்கமாக இருந்தது.

மிச்சிகன் கூட்டம், 1960

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மற்றொரு கூட்டம் நடந்தது. மெக்கீச்சியும் ஜான் மில்ஹாலந்தும் தொகுத்த அதன் அறிக்கை 1961இல் வெளியானது. எல்லாக் கல்லூரிகளுக்கும் பொருந்தும் ஒரே பாடத்திட்டத்தை வகுக்க முடியாது என்ற முடிவுக்கு இக்கூட்டம் வந்தது. அறிக்கையின் தலைப்பிலேயே பாடத்திட்டம் என்ற சொல் பன்மையில் இடம்பெற்றது. பெரிய பல்கலைக்கழகம், சிறிய கலைக் கல்லூரி, ஆசிரியர் குறைந்த கல்லூரி ஆகியவற்றின் வசதிகள் வேறுபட்டவை என்பதை அது ஏற்றுக்கொண்டது. பாடங்களின் பெயர் வேறுபடலாம். ஆனால் அறிவியல் முறையைக் கற்பிக்கும் பகுதி எதிலும் விடுபடக் கூடாது என்ற உடன்பாடு நிலைத்தது.

மாணவர் பெருக்கமும் புதிய கேள்வியும்

1960களிலும் 1970களிலும் உளவியல் அமெரிக்க மாணவர்கள் மிகவும் விரும்பும் பாடங்களுள் ஒன்றாயிற்று. 1969இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவர் ஜார்ஜ் மில்லர் தம் தலைமையுரையில், உளவியல் அறிவை வல்லுநர்கள் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் பொதுமக்களுக்கு வழங்கிவிட வேண்டும் என்றார். இவ்வுரை பாடத்திட்ட விவாதத்துக்குப் புதிய திசையைத் தந்தது. அதுவரை இளநிலைப் படிப்பு பல இடங்களில் முனைவர் படிப்புக்கான முன்படியாகக் கருதப்பட்டது. மில்லரின் பார்வையில் பெற்றோர், ஆசிரியர், தொழிலாளர், வாக்காளர் அனைவரும் உளவியலைப் பயன்படுத்த வேண்டியவர்கள்.

1973இல் ஜேம்ஸ் குலிக் இளநிலை உளவியல் கல்வி பற்றி விரிவான ஆய்வு நூலை வெளியிட்டார். கல்லூரிகளும் மாணவர்களும் எவ்வளவு வேறுபட்டவர்கள் என்பதை அது எடுத்துக்காட்டியது. பட்டம் பெற்றவுடன் வேலைக்குச் செல்ல வேண்டிய மாணவருக்குப் படிப்பு என்ன தருகிறது என்ற கேள்வி இதன் பின் தவிர்க்க முடியாததாயிற்று.

செயின்ட் மேரிஸ் கூட்டம், 1991

1991இல் மேரிலாந்து மாநிலத்தின் செயின்ட் மேரிஸ் கல்லூரியில் தாமஸ் மெக்கவர்ன் தலைமையில் சுமார் 60 உளவியலாளர்கள் ஒரு வார காலம் கூடினர். இவர்கள் உருவாக்கிய கையேடு 1993இல் வெளிவந்தது. மனித நடத்தையைப் பற்றி ஓர் அறிவியலாளரைப் போலச் சிந்திக்க மாணவருக்குக் கற்பிப்பதே உளவியல் கல்வியின் அடிப்படை நோக்கம், மற்ற நோக்கங்கள் அதிலிருந்தே கிளைக்கின்றன என்று அக்கையேடு குறிப்பிட்டது.

கற்பித்தலை மாணவர் பக்கத்திலிருந்து பார்த்ததும் இக்கூட்டத்தின் சிறப்பாகும். எந்தப் பாடத்தை நடத்தினோம் என்பதைவிட, மாணவர் இறுதியில் எதைச் செய்யக் கற்றார் என்பதை மதிப்பிட வேண்டும் என்ற எண்ணம் இங்கு வலுப்பெற்றது.

கற்றல் இலக்குகள்

2006இல் அமெரிக்க உளவியல் சங்கம் இளநிலைப் படிப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்று, 2007இல் வெளியிட்டது. அதில் பத்து இலக்குகள் இருந்தன. கோட்பாட்டறிவு, ஆய்வு முறைகள், திறனாய்வுச் சிந்தனை, நடைமுறைப் பயன்பாடு, விழுமியங்கள் ஆகிய ஐந்தும் உளவியலுக்கே உரியவை. தகவல் தொழில்நுட்ப அறிவு, தொடர்பாடல், பண்பாட்டு விழிப்புணர்வு, தன் வளர்ச்சி, பணித் திட்டமிடல் ஆகிய ஐந்தும் பொதுக் கல்வி சார்ந்தவை.

பத்து இலக்குகளையும் மதிப்பிடுவது கடினமாக இருந்ததால் 2013இல் வந்த இரண்டாம் பதிப்பு அவற்றை ஐந்தாகச் சுருக்கியது. அவை:

• உளவியலின் அடிப்படை அறிவு
• அறிவியல் வினாவும் திறனாய்வுச் சிந்தனையும்
• பன்முக உலகில் அறநெறியும் சமூகப் பொறுப்பும்
• தொடர்பாடல்
• பணி வளர்ச்சி

2014இல் அறிமுகப் பாடத்துக்கென அமைந்த பணிக்குழு, உயிரியல், அறிதல், வளர்ச்சி, சமூகமும் ஆளுமையும், மன உடல் நலம் ஆகிய ஐந்து தூண்களிலிருந்தும் மாணவர் கற்க வேண்டும் என்றது. ஆய்வு முறை அத்தூண்கள் நிற்கும் அடித்தளம் என்று அது விளக்கியது. வழிகாட்டு நெறிகளின் மூன்றாம் பதிப்பு 2023இல் ஏற்கப்பட்டது. அதிலும் ஐந்து இலக்குகளே உள்ளன.

பாடநூலைச் சோதித்த நிகழ்வுகள்

முடிவுகளைவிட முறையைக் கற்க வேண்டும் என்று நூறாண்டுகளாகச் சொல்லப்பட்டது ஏன் என்பதை அண்மைக்கால நிகழ்வுகள் தெளிவாக்குகின்றன.

1964 மார்ச் 13 அன்று நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தும் ஒருவரும் உதவவில்லை என்று செய்தித்தாள் எழுதியது. உளவியல் பாடநூல்களில் இக்கதை தலைமுறை தலைமுறையாக அச்சானது. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, நீதிமன்ற ஆவணங்களைச் சரிபார்த்து, 38 பேர் கொலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தனர் என்பதற்குச் சான்று இல்லை என்று காட்டியது.

அந்நிகழ்வால் தூண்டப்பட்டு ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968இல் வெளியிட்ட சோதனை வேறு வகை. அடுத்த அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் ஒலி கேட்கச் செய்தனர். தான் மட்டுமே கேட்கிறேன் என்று நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர் நோய்வாய்ப்பட்டவர் பேசி முடிப்பதற்குள் உதவி தேடினர். இன்னும் நான்கு பேர் கேட்கின்றனர் என்று நினைத்தவர்களில் 31 விழுக்காட்டினரே அவ்வாறு செய்தனர். கதை பிழையானதால் சோதனையின் முடிவு பிழையாகிவிடாது. கதையையும் சான்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மாணவருக்கே இது விளங்கும்.

2015இல் ஆய்வாளர்கள் பலர் கூடி, முன்னணி உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தனர். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் முறையில் பொருட்படுத்தத்தக்க முடிவைக் காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 விழுக்காடே அவ்வாறு காட்டின. பாடநூலில் உள்ள முடிவுகளை மட்டும் மனப்பாடம் செய்த பட்டதாரியிடம் இதன் பின் மிஞ்சுவது குறைவு. கூறெடுப்பு எவ்வளவு பெரிது, ஒப்பீட்டுக் குழு இருந்ததா, வேறு விளக்கம் உண்டா என்று கேட்கப் பழகியவரின் படிப்பு வீணாகவில்லை.

மற்றொரு குறையும் வெளிப்பட்டது. உளவியல் ஆய்வுகளில் பங்கேற்றோரில் 96 விழுக்காட்டினர், உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடு மட்டுமே வாழும் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2010இல் ஜோசப் ஹென்ரிச் முதலியோர் எழுதிய கட்டுரை சுட்டிக்காட்டியது. அவர்களுள் பலர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள். எனவே பாடநூலில் 'மனிதர்' என்று எழுதப்பட்டிருக்கும் இடத்தில் 'எந்த மனிதர்' என்று கேட்பதும் படிப்பின் பகுதியாயிற்று.

இந்திய மாணவருக்கு இதன் தொடர்பு

இந்தியாவில் உளவியலுக்கான முதல் பல்கலைக்கழகத் துறை 1916இல் கல்கத்தாவில் அமைந்தது. அதன் முதல் தலைவர் நரேந்திரநாத் சென்குப்தா ஹார்வர்டில் பயின்றவர். இவ்வாறு தொடக்கத்திலிருந்தே அமெரிக்கப் பாடநூல்களும் பாட வரிசையும் இந்திய வகுப்பறைகளில் செல்வாக்குப் பெற்றன. மேலே கூறிய 96 விழுக்காட்டுக் கணக்கு இங்குள்ள மாணவருக்கு மேலும் முக்கியமானது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த ஒருவரின் நடத்தையை, அயல்நாட்டுக் கல்லூரி மாணவரிடம் கண்ட முடிவைக் கொண்டு அப்படியே விளக்கிவிட முடியாது.

பட்டம் தரும் தகுதியின் எல்லையையும் இந்திய மாணவர் அறிந்திருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தின்படி, மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய அதற்குரிய பயிற்சியும் பதிவும் தேவை. பொதுவான மூன்றாண்டு இளநிலைப் பட்டம் மட்டும் அதற்குப் போதாது. நண்பர் ஒருவர் மனச்சோர்வில் இருப்பதைக் கண்டுகொள்வதும், அவரைத் தகுந்த மருத்துவரிடம் அனுப்புவதும் இளநிலைப் பட்டதாரி செய்யக்கூடியவை. அவருக்கு நோயின் பெயரைச் சொல்லிச் சிகிச்சை தொடங்குவது அவர் செய்யக்கூடாதது.

தொகுப்பு

நூறாண்டு விவாதத்தில் பாடங்களின் பெயர்களும் இலக்குகளின் எண்ணிக்கையும் பல முறை மாறின. மாறாமல் நின்றவை சில. மாணவர் ஒரு சோதனையையேனும் தாமே வடிவமைத்துச் செய்து பார்க்க வேண்டும். எண்களை வாசிக்கும் அளவுக்குப் புள்ளியியல் அறிய வேண்டும். ஒரு கூற்றுக்குச் சான்று எது, அச்சான்று எவரிடமிருந்து திரட்டப்பட்டது என்று கேட்கத் தெரிய வேண்டும். கண்டதைத் தெளிவாக எழுதவும் பேசவும் வேண்டும். சோதனைக்கு உட்படும் மனிதரின் மதிப்பைக் காக்க வேண்டும். தம் அறிவு எங்கே முடிகிறது என்பதை உணர வேண்டும்.

உளவியலாளர் ஆகாத பட்டதாரிக்கும் இவை பயன்படுகின்றன. ஆள்தேர்வுக்கு ஒரு நிறுவனம் வாங்கும் ஆளுமைச் சோதனை நம்பத்தக்கதா என்று கேட்கும் அலுவலர், ஒரே தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு பிள்ளையை மந்தமானவன் என்று முத்திரை குத்த மறுக்கும் ஆசிரியர், மனநலம் பற்றிப் பரவும் செய்தியைச் சரிபார்த்த பின்பே பிறருக்கு அனுப்பும் குடிமகன் ஆகியோரிடம் அப்படிப்பின் பயனைக் காணலாம். 1920களில் குடியேறியோரைப் பற்றிய மதிப்பெண் அட்டவணைகள் அச்சானபோது, இத்தகையோர் இன்னும் பலர் தேவைப்பட்டனர்.